கரிக்கு வைத்த பொட்டு

நான் ஐந்து வருஷம் கரியைச் சுட்டேன். இதைச் சொன்னால் எங்கள் தெருவில் யாரும் டாக்டர் பட்டம் என்று நினைக்கமாட்டார்கள், இஸ்திரிக் கடை என்றுதான் நினைப்பார்கள். என் அப்பா சாமிக்கண்ணு, கடலூர் ஓ.டி., அதாவது பழைய டவுன், தபால் ஆபீசில் போஸ்ட்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர், நேராகவே கேட்டார்.

"கரியக் கொளுத்துனா தீ வரும்னு ஊருக்கே தெரியும். அதக் கண்டுபுடிக்க உனக்கு அஞ்சு வருஷமா வெண்மதி?"

"தீ இல்லப்பா. பிளாஸ்மா."

"சரி," என்று சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினார்.

உங்களுக்கு ஒரே ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட ஒரு எஃகு அறை, பொங்கல் பானை அளவு. அதற்குள் நாணயம் மாதிரித் தட்டையான கிராஃபைட் வில்லை ஒன்று. கிராஃபைட் என்றால் சுத்தமான கரி. ஜன்னல் வழியாக லேசர் வந்து வில்லையின் நடுவில் வினாடிக்குப் பத்து அடி அடிக்கும். அடி விழுந்த இடத்தில் கரி ஆவியாகி, அணுக்களே பிய்ந்து, கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு வெளிச்சம் துள்ளும். அதுதான் பிளாஸ்மா. அது எதிரே இருக்கும் கண்ணாடித் துண்டில் போய்ப் படிந்தால், வைரத்துக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு மெல்லிய கரிப்படலம் கிடைக்கும். அந்த வெளிச்சத்தை ஸ்பெக்ட்ரோமீட்டருக்குள் விட்டு, எந்தெந்தக் கோடுகளாகப் பிரிகிறது என்று பார்ப்பது என் வேலை. ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கென்று கோடுகள் உண்டு, கைரேகை மாதிரி. கோட்டைப் பார்த்தால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். அவ்வளவுதான் விஞ்ஞானம், மிச்சமெல்லாம் பம்ப் ரிப்பேர்.

இது சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் நடந்தது. எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். நான் இன்னும் அந்த ரூட்டில்தான் பஸ் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது.

என் கைடு பேராசிரியர் மணவாளன். நெற்றியில் காலையில் வைத்த குங்குமம் சாயங்காலம் வரை கலையாத மனிதர். 2004இல் நான் சேர்ந்த அன்று என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி இயற்பியல் இல்லை.

"கடலூர்ல எங்கம்மா?"

"ஓ.டி. சார்."

"ஓ.டி.ல எந்தப் பக்கம்?"

"ஸ்டேஷன் தாண்டி சார்."

"தாண்டின்னா, கோயிலுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"அந்தப் பக்கம் சார்."

அத்தோடு கேள்விகள் நின்றன. அவருக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. நியாயமாகச் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு ஐந்து வருஷத்தில் என்னை அவர் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. பாடம் சொன்னார், கட்டுரை திருத்தினார், காய்ச்சல் என்றால் லீவு கொடுத்தார். ஆயுத பூஜையன்று மட்டும் சந்தனம் குங்குமம் இருக்கும் தட்டு என் கைக்கு வராது. எனக்குப் பொரி மடிக்கும் வேலை. ஏன் என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. காரணம் இரண்டு பேருக்கும் தெரியும். பழைய கேள்வித்தாளைக் கிழித்து நூற்றிருபது பொட்டலம் மடிப்பேன். அதில் எனக்கு இருக்கும் கைத்திறனுக்கும் ஒரு பட்டம் கொடுக்கலாம்.

அந்த லேபில் எனக்குச் சீனியராகப் பாலகுமார் இருந்தான். மகா சோம்பேறி. அவன் ஒரு வில்லையை மாட்டினால் மாட்டியதுதான், துடைப்பது தேய்ப்பது எல்லாம் கிடையாது. 2006 அக்டோபரில் ஒரு நாள் அவனுடைய கரியில் யாரும் பார்த்திராத இரட்டைக் கோடு ஒன்று வந்தது, ஊதா நிறத்தின் ஓரத்தில். முதல் நிமிடம் பளிச்சென்று இருந்து, அப்புறம் மங்கி மறைந்துவிட்டது. மணவாளன் சார் மூன்று நாள் யோசித்து, இது கரி அணுக்கள் கொத்தாகச் சேர்ந்து கொஞ்ச நேரமே தாக்குப்பிடிக்கும் ஒரு புதிய நிலை என்று முடிவுக்கு வந்தார். அதற்கு 'எம்-நிலை' என்று பெயரும் வைத்தார். எம் என்றால் மெட்டாஸ்டேபிள் என்று கட்டுரையில் போட்டிருந்தது. மணவாளன் என்று துறையில் பேசிக்கொண்டார்கள்.

கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தது. சார் இந்தோர் கருத்தரங்குக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். பாலகுமார் அந்தக் கட்டுரையைப் பிடித்துக்கொண்டு கொரியாவுக்கே போய்விட்டான். சோம்பேறித்தனம் மனிதனை எவ்வளவு தூரம் கொண்டுபோய்விடும் பாருங்கள்.

2008 தொடக்கத்தில் ஜெர்மனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எங்களுக்கு உங்கள் எம்-நிலை கிடைக்கவில்லை, நீங்கள் திரும்ப எடுத்தீர்களா என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். சார் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"நீ அதைத் திரும்ப எடுத்துக் காட்டு. அன்னிக்கே உன் சினாப்சிஸ்ல கையெழுத்துப் போடறேன்."

சினாப்சிஸ் என்பது ஆய்வேட்டின் சுருக்கம். அதில் கைடு கையெழுத்து இல்லாமல் ஆய்வேட்டை உள்ளேயே வாங்கமாட்டார்கள். என் பதிவு அந்த வருஷம் டிசம்பர் முப்பத்தொன்றோடு முடிகிறது. ஒரு தடவை நீட்டித்தாகிவிட்டது, இனி நீட்டிக்க முடியாது. கோடு வரவில்லை என்றால் ஐந்து வருஷமும் கரிதான்.

நாற்பத்தொரு தடவை முயன்றேன். லேசரைக் கூட்டினேன், குறைத்தேன். கண்ணாடியை நகர்த்தினேன், வில்லையை மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் வில்லையை உப்புத்தாளில் தேய்த்து, அசிட்டோனில் கழுவி, கையுறை போட்டுத்தான் மாட்டுவேன். அறையிலிருந்து காற்றை எடுக்க மூன்று மணி நேரம் ஆகும். அந்த வருஷம் தினம் இரண்டு மணி நேரம் கரண்ட் கட். காற்று முழுக்கப் போகிற நேரம் பார்த்துக் கரண்ட் போகும், பம்ப் நிற்கும், மறுபடி முதலிலிருந்து. ஒருநாள் பம்பை உதைத்திருக்கிறேன். பம்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

கொரியாவுக்குப் போன் போட்டு பாலகுமாரைக் கேட்டேன்.

"நான் ஒண்ணுமே செய்யல வெண்மதி. அது தானா வந்துச்சு," என்றான். அவன் வாழ்க்கையில் சொன்ன ஒரே விஞ்ஞான உண்மை அதுதான் என்று எனக்கு அப்போது தெரியாது.

அந்த வருஷம் ஆயுத பூஜை புதன்கிழமை. அன்றும் மறுநாளும் லீவு என்பதால் லேபில் செவ்வாய்க்கிழமையே பூஜை. லேசருக்குச் சாமந்தி மாலை, பம்புக்கு விபூதிப் பட்டை, கம்ப்யூட்டருக்கு வாழைக்கன்று. மூலையில் உட்கார்ந்து நான் பொரி மடித்தேன். பக்கத்தில் டெக்னீஷியன் ஆரோக்கியராஜ் அண்ணன் கடலை பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"எங்களுதுல அந்தோணியாருக்கு மால போடுவோம்," என்றார் என் காதுக்குள். "கரண்ட் பாக்ஸுக்குப் போடறத இங்கதாம்மா பாக்கறேன்."

சார் வழக்கம்போல ஆரம்பித்தார். "கடைக் குங்குமம் எல்லாம் சாயம். இது எங்க வீட்ல என் சம்சாரம் வினோதினி கையால செஞ்சது. மஞ்சளும் சுண்ணாம்பும், வேற ஒண்ணும் கிடையாது." வருஷா வருஷம் இதே வசனம். அதையும் பொரியோடு சேர்த்து மென்று முழுங்குவோம். அப்புறம் தட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துக்கொண்டு போனார். வேலை செய்கிற எதையும் விடமாட்டார். ஸ்க்ரூடிரைவர், ஸ்பானர், ஸ்டேப்ளர். கடைசியில் அலமாரியைத் திறந்து கிராஃபைட் வில்லைகள் இருக்கும் டப்பாவை எடுத்தார். ஒவ்வொரு வில்லையின் நட்டநடுவிலும் அளவாக ஒரு சந்தனம், அதன்மேல் ஒரு குங்குமம்.

போன வருஷமும் வைத்திருப்பார். போன வருஷமும் நான் அடுத்த வேலை நாளில் உப்புத்தாளை எடுத்துத் தேய்த்துத் தள்ளியிருப்பேன். பொட்டு எதற்கு என்று யோசித்ததே இல்லை, அழுக்கு என்றால் தேய்ப்பேன்.

வெள்ளிக்கிழமை லேப் திறந்தது. இரண்டு மணிக்குக் கரண்ட் போகும் என்று பேப்பரில் போட்டிருந்தான். அதற்குள் நாற்பத்திரண்டாவது முயற்சி முடிய வேண்டும். கடலூரிலிருந்து வந்த பஸ் முட்லூரில் அரை மணி நேரம் நின்றுவிட்டது. ஓடி வந்து பார்த்தால் உப்புத்தாளும் தீர்ந்திருந்தது. போகட்டும் என்று பொட்டோடு வில்லையை அப்படியே மாட்டிவிட்டேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக நான் பாலகுமாராக நடந்துகொண்டேன்.

பம்ப் அன்று திணறியது. மூன்று மணி நேரத்தில் முடிகிற வேலை முடியவில்லை. சும்மா உட்கார முடியாமல் பாலகுமாரின் பழைய லேப் நோட்டைப் புரட்டினேன். எம்-நிலை வந்த நாளில் இப்படி எழுதியிருந்தான்: "03.10.2006. பம்ப் மூடு சரியில்லை. 4 மணி 40 நிமிடம்." பக்கத்தில் தூங்கும் மனிதன் ஒருவனின் படம்.

எனக்கும் நாலு மணி நாற்பது நிமிடம் ஆனது, கரண்ட் போக இன்னும் கால் மணி நேரம். லேசரைப் போட்டேன். கரி துள்ளியது. திரையில், ஊதாவின் ஓரத்தில், இரட்டைக் கோடு.

நான் கத்தவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். ஆரோக்கியராஜ் அண்ணன் எட்டிப் பார்த்து, "வந்துட்டுதா?" என்றார். வந்துவிட்டது, ஒரு நிமிடம் நின்றது, கட்டுரையில் எழுதியிருந்தபடியே மங்கி மறைந்தது. அண்ணன் எனக்குக் கை கொடுத்தார். எனக்குச் சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். அது சரியாக எட்டு நிமிடம் நீடித்தது.

ஒன்பதாவது நிமிடம் வில்லையை வெளியே எடுத்தேன். நடுவில் லேசர் போட்ட குழி. குழியைச் சுற்றி மிச்சமிருந்த சிவப்பு. பம்பைத் திணற வைத்ததும் இந்தப் பொட்டின் ஈரம்தான். பாலகுமாரின் தேதி மண்டைக்குள் மறுபடி வந்தது. அக்டோபர் மூன்று. 2006இல் ஆயுத பூஜை அக்டோபர் முதல் தேதி. அடுத்த நாள் விஜயதசமியும் காந்தி ஜெயந்தியும். அதற்கு அடுத்த நாள் லேப்.

அலைநீள அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். 393, 397. கால்சியம். சுண்ணாம்பில் இருப்பது. ஊரறிந்த கோடு, சூரிய வெளிச்சத்திலேயே இருக்கிறது. கரியில் கால்சியத்தை யாரும் தேடவில்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை. வெளிநாட்டுப் பத்திரிகையின் நடுவர்கள் மூன்று பேர் உட்பட.

அடுத்த வாரம் முறையாகச் செய்தேன். பொட்டைத் தேய்த்த வில்லை, கோடு இல்லை. பொட்டு வைத்த வில்லை, கோடு உண்டு. கடைசியில் கரியே வேண்டாம் என்று, கால்சியம் கலக்காத வெறும் கண்ணாடித் துண்டில் பூஜைத் தட்டில் மிச்சமிருந்த குங்குமத்தை அப்பி மாட்டினேன். ஐந்து வருஷத்தில் நான் அந்தத் தட்டைத் தொட்டது அதுதான் முதல் தடவை. எம்-நிலை முன்னைவிடப் பளிச்சென்று வந்தது. நாற்பத்தொரு தடவை தோற்றது என் திறமைக் குறைவால் இல்லை, என் சுத்தத்தால். அது தெரிந்ததும் எனக்கு வந்தது சிரிப்பு இல்லை, கோபம்.

ஆரோக்கியராஜ் அண்ணன் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இங்க பாரும்மா. அவருக்குக் கோடு வோணும். உனக்குக் கையெழுத்து வோணும். ரெண்டும் வந்துட்டுது. நடுவுல சுண்ணாம்பு இன்னாத்துக்கு வாயத் தொறக்கணும்?"

"நாளைக்கு ஜெர்மனிக்காரன் கேப்பானே அண்ணே."

"அவனுக்கு ஒரு பாக்கெட் குங்குமம் அனுப்பிடு."

யோசித்தேன். ஒரு முழு ராத்திரியும் யோசித்தேன் என்று பொய் சொல்லமாட்டேன், படுத்ததும் தூங்கிவிட்டேன். ஆனால் காலை பஸ்ஸில் ஆலப்பாக்கம் தாண்டும்போது முடிவு செய்தேன். நான் ஒன்றும் உத்தமி இல்லை. ஃபைலில் இரண்டு தாள் வைத்துக்கொண்டேன். மேலே பொட்டு வைத்த கரியின் கோடு. கீழே வெறும் கண்ணாடியின் கோடு.

மேல் தாளைப் பார்த்ததும் மணவாளன் சார் முகம் கல்யாண வீடு ஆகிவிட்டது. "பாத்தியா, பாத்தியா," என்று இரண்டு தடவை சொன்னார். பச்சை மைப் பேனாவை எடுத்தார். சினாப்சிஸில் கையெழுத்துப் போட்டார், தேதி போட்டார். மை காயும் வரை காத்திருந்தேன். அப்புறம் கீழ்த் தாளை மேலே வைத்தேன்.

"இது எந்த வில்லை?"

"வில்லை இல்ல சார். கண்ணாடி."

"கரி?"

"இல்ல சார்."

"அப்புறம் என்னம்மா இருக்கு இதுல?"

"உங்க வீட்டுக் குங்குமம் சார்."

அவர் கை தானாக நெற்றிக்குப் போனது. விரலை எடுத்துப் பார்த்தார். சிவப்பாக இருந்தது. பிறகு என் முன்னால் இருந்த சினாப்சிஸை மெதுவாக இழுத்து, மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார்.

பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. அவருக்குப் பூணூல் கிடையாது, ஆனால் டிராயர் சாவியைத்தான் பூணூலாக மாட்டியிருக்கிறாரோ என்று தோன்றும் அளவுக்கு எனக்கு எல்லாவற்றின் மேலும் எரிச்சல். பன்னிரண்டாம் நாள் ஆரோக்கியராஜ் அண்ணன் சொன்னார்: "சார் ஞாயித்துக்கெழம தனியா வந்தாரும்மா. அவரே கண்ணாடி மாட்டி, அவரே அடிச்சிப் பாத்தாரு. மூணு வாட்டி." அதைக் கேட்டதும் என் கோபத்தில் பாதி போனது. மனிதர் என்னைத்தான் நம்பவில்லை, கோட்டை நம்பினார்.

அன்று மத்தியானம் கூப்பிட்டார். பத்திரிகைக்குத் திருத்தம் எழுதி வைத்திருந்தார். எம்-நிலை இல்லை, அது கால்சியம் மாசு. என் ஆய்வேட்டிலும் அதை ஒரு அத்தியாயமாகப் போடலாம் என்றார். ஒரே ஒரு நிபந்தனை.

"மாசு எங்கேர்ந்து வந்துதுன்னு எழுத வேண்டாம். 'அடையாளம் தெரியாத உள்ளூர் மூலம்'னு போட்டுடு."

"தெரியுமே சார்."

"தெரியும்மா." அவர் என்னைப் பார்க்கவில்லை. "போட்டுடு."

டிசம்பர் முப்பத்தொன்றுக்கு இரண்டே மாதம் இருந்தது. போட்டேன். டிராயர் திறந்தது. நாற்பத்தெட்டு பக்கத்தில் கண்டுபிடித்ததைக் கண்டுபிடிக்கவில்லை என்று என் கையால் டைப் அடித்தேன். அசிங்கமாக இருந்தது. அதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

வாய்மொழித் தேர்வு 2009 ஜூலையில் நடந்தது. ஊரைக் கூட்டி, எல்லோர் முன்னாலும் நடக்கும் தேர்வு. அப்பா முதல் வரிசையில் இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை புரியாமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். புறத்தேர்வாளர் இந்தோரிலிருந்து வந்தவர். சாரின் எம்-நிலைப் பேச்சை நேரில் கேட்டவர். அதனால் நேராக அந்த அத்தியாயத்துக்கு வந்தார்.

"அடையாளம் தெரியாத உள்ளூர் மூலம் என்று எழுதியிருக்கிறீர்கள்," என்றார் ஆங்கிலத்தில். "நாற்பத்திரண்டு சோதனை. கண்ணாடியில்கூட எடுத்துப் பார்த்திருக்கிறீர்கள். கண்ணாடியில் என்ன வைத்தீர்கள்? வைத்தவருக்குத் தெரியாதா?"

தெரியாது என்றால் நான் முட்டாள், ஆய்வேடு திரும்பி வரும். தெரியும் என்றால் என் கைடு பொய் எழுத வைத்தவர். அவர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

"ஐந்து வருஷ வேலை," என்றார் தேர்வாளர். "இது அடிப்படைச் சுத்தம் பற்றிய கேள்வி. உங்கள் கையாளும் முறையில் ஏதோ அழுக்கு இருந்திருக்கிறது."

என் முறையில். அந்தச் சொல் விழுந்ததும் தேர்வாளரை நிமிர்ந்து பார்த்தேன். வாயைத் திறந்தேன். அதற்குள் பக்கத்து நாற்காலி சத்தம் போட்டது. மணவாளன் சார் எழுந்து நின்றார். அதுவரை அந்த ஹாலில் எல்லாம் ஆங்கிலம். அவர் தமிழில் பேசினார், தேர்வாளரைப் பார்த்து இல்லை, முதல் வரிசையைப் பார்த்து.

"தெரியாதுன்னு எழுத வெச்சது நான். அது என் வீட்டுக் குங்குமம். நான் வெச்ச பொட்டு. அஞ்சு வருஷமா அந்தத் தட்ட இந்தப் பொண்ணு தொட நான் விடல, பொரி மடிக்கச் சொன்னேன். கடைசில கணக்குப் பாத்தா, அவ கை பட்ட வில்லை எல்லாம் சுத்தமா இருந்துது. அழுக்கு என் கையில இருந்து வந்துது."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். கடைசி வரிசையில் ஆரோக்கியராஜ் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அப்பா மட்டும் தலையாட்டுவதை நிறுத்தியிருந்தார். அன்று முழுக்க அவருக்குப் புரிந்த முதல் பேச்சு அது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது, அடக்கினேன். அடக்காவிட்டால் இந்தோர்க்காரர் அதையும் விளக்கச் சொல்வார்.

தமிழ் தெரியாத அவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"உங்கள் பேராசிரியர் என்ன சொன்னார்?"

"மாசின் மூலம் அடையாளம் தெரிந்துவிட்டது என்கிறார், சார்," என்றேன்.

அவர் திருப்தியாகத் தலையசைத்து, அதை அப்படியே எழுதிக்கொண்டார்.